பெயரைத் தாங்குதல்

ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்து அறிவதற்காக ஏற்பட்டது பெயர். ஒரே பெயர் இருவருக்கோ மூவருக்கோ அமைந்துவிட்டால் அந்தப் பெயரால் மட்டும் ஆளை அறிய முடிவதில்லை. 'எந்த ராமன்?' என்று கேட்கிறோம். ஊரையோ தந்தையின் பெயரையோ தொழிலையோ சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலக வழக்கில் இது ஒரு சிறிய இடையூறு. ஆனால் சற்று நின்று சிந்தித்தால் இதற்குள் ஒரு பெரிய கேள்வி மறைந்திருப்பது தெரியும். என்னுடையது என்று நான் மிக உறுதியாக நம்புவது என் பெயரை. அதே பெயரை வேறொருவரும் உரிமையுடன் தாங்கி நிற்கிறார் என்றால் அது உண்மையில் என்னுடையதுதானா? என்னுடையது அல்ல என்றால், அந்தப் பெயருக்கு நான் செய்ய வேண்டிய கடமை ஏதேனும் உண்டா?

தமிழில் மகனின் மகனைப் 'பேரன்' என்கிறோம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் 'பெயரன்'. அச்சொல்லே பேரன் ஆயிற்று. ஒரு தலைமுறையின் பெயர் இன்னொரு தலைமுறையின் மீது ஏற்றி வைக்கப்படுவதை இந்த ஓர் உறவுச் சொல்லே காட்டிவிடுகிறது. 'தாத்தாவின் பெயரைக் காப்பாற்று' என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான். காப்பாற்றப்பட வேண்டிய ஒன்று நம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் கருத்து. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு நாம் காவலர்கள், உடைமையாளர்கள் அல்ல.

மூன்று பரதர்கள்

நம் நாட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்ட அரசியல் சாசனத்தின் முதல் பிரிவு, இந்தியா என்ற பெயருடன் பாரதம் என்ற பெயரையும் இந்நாட்டிற்கு வழங்குகிறது. பரதனின் நாடு பாரதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எந்தப் பரதன்?

துஷ்யந்தனுக்கும் சகுந்தலைக்கும் பிறந்த பரதனை மகாபாரதம் போற்றுகிறது. சிறு வயதிலேயே காட்டு விலங்குகளை அடக்கியதால் சர்வதமனன் என்று அழைக்கப்பட்டவர் அவர். துஷ்யந்தன் அவரைத் தன் மகனாக ஏற்கத் தயங்கியபோது, இந்தப் பிள்ளையை ஏற்றுக் காப்பாயாக என்று அசரீரி ஒலித்தது. அந்த வாக்கிலிருந்தே அவருக்குப் பரதன் என்ற பெயர் வந்ததாக இதிகாசம் கூறுகிறது. அவர் வழியில் வந்தவர்களே பாரதர்கள். அவர்களின் கதையே மகாபாரதம்.

ஸ்ரீமத் பாகவதமோ ரிஷபதேவரின் நூறு புதல்வர்களில் மூத்தவரான பரதரைச் சொல்கிறது. முன்பு அஜநாபம் என்று வழங்கிய இந்நிலம் அவருடைய ஆட்சிக்குப் பின் பாரதம் என்று வழங்கலாயிற்று என்பது அதன் கூற்று. நெடுங்காலம் நெறி தவறாமல் ஆண்ட அவர், அரசை மக்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்டகி நதிக்கரையில் புலகரின் ஆசிரமத்திற்குத் தவம் செய்யச் சென்றார்.

இவர்கள் இருவரையும்விட மக்கள் மனத்தில் நெருக்கமாக நிற்பவர் தசரதரின் மைந்தரான பரதர். தாய் கேட்டு வாங்கிய அரசை அவர் ஏற்கவில்லை. சித்திரகூடம் வரை நடந்து சென்று அண்ணனை அழைத்தார். அவர் வர மறுத்தபோது அவருடைய பாதுகைகளைத் தலைமீது தாங்கித் திரும்பினார். மரவுரியும் சடைமுடியுமாக நந்திகிராமத்தில் இருந்துகொண்டு, பாதுகைகளே அரசாள்வதாகக் கருதிப் பதினான்கு ஆண்டுகள் நாட்டைக் காத்தார்.

அரசு என்ற ஒரே பொருளின் முன்னால் மூவரும் மூன்று விதமாக நின்றார்கள். ஒருவர் அரசை ஏற்று விரிவாக்கினார். ஒருவர் ஆண்டு முடித்துத் துறந்தார். ஒருவர் கையில் வந்ததைத் தனதென்று கொள்ளாமல் பிறர் பொருளாகக் காத்துத் திருப்பிக் கொடுத்தார். பெயர் ஒன்றாக இருந்தும் வாழ்க்கை ஒன்றாக இல்லை. ஆகவே ஒருவர் யார் என்பதைப் பெயர் நிர்ணயிப்பதில்லை என்று முதலில் தெரிகிறது.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. பரதன் என்ற சொல்லின் வேர் தாங்குதல், சுமத்தல், பேணுதல் என்ற பொருளைத் தரும் ஒரு வடமொழி வினைச்சொல். துஷ்யந்தனின் மகன் பூமியின் பாரத்தைத் தாங்கினார். தசரதரின் மகன் அண்ணனின் பாதுகைகளைத் தாங்கினார். ரிஷபரின் மகன் தாங்கியது என்ன என்பதைப் பின்னர் காண்போம். மூவரும் தங்கள் பெயரின் பொருளைத் தங்கள் தங்கள் வழியில் வாழ்ந்து காட்டினார்கள். 'இந்தப் பெயருக்கு நானே உரியவன்' என்று அவர்களில் எவரும் வழக்காடவில்லை.

துஷ்யந்தனின் மகனான பரதரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. தமக்குப் பிறந்த புதல்வர்கள் தமக்கு ஒத்தவர்களாக இல்லை என்று அவர் கண்டார். மகன் என்பதற்காக மட்டும் அரசை ஒப்படைக்க அவர் உடன்படவில்லை. இரத்தமும் பெயரும் வழிவழியாக வரலாம். தகுதி அப்படி வருவதில்லை என்பதை அந்தப் பேரரசர் தம் குடும்பத்திலேயே உணர்ந்தார்.

பொய் வாசுதேவன்

பெயரைத் தாங்குவதற்கும் பெயரை அணிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தம் ஒரு வேடிக்கையான கதையால் விளக்குகிறது. கரூஷ நாட்டு மன்னன் பௌண்டரகன். 'உலகைக் காக்க அவதரித்த வாசுதேவன் தாங்களே' என்று சுற்றியிருந்தவர்கள் அவனைப் புகழ்ந்தார்கள். அவன் அதை நம்பிவிட்டான். துவாரகைக்குத் தூதன் ஒருவனை அனுப்பினான். 'வாசுதேவன் நான் ஒருவனே. என் பெயரையும் என் சின்னங்களையும் நீ தாங்கித் திரிகிறாய். அவற்றை விட்டுவிட்டு என்னைச் சரணடைவாய், இல்லையேல் போருக்கு வருவாய்' என்பது தூதின் சாரம். உக்கிரசேனரின் அவையில் இருந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

போர்க்களத்தில் பௌண்டரகன் வந்து நின்ற கோலம் அதைவிடப் பரிதாபமானது. சங்கு, சக்கரம், கதை, சார்ங்க வில், மார்பில் செயற்கையாகச் செய்த கௌஸ்துபம், தேரில் கருடக் கொடி, மஞ்சள் பட்டு எல்லாம் இருந்தன. மேடையில் வேடமிட்டு வந்த நடிகனைப் போல் அவன் தோன்றினான். குறையாக இருந்தது வாசுதேவத் தன்மை ஒன்றுதான்.

இந்தக் கதையில் யார் பெயருக்காகப் போராடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மையான வாசுதேவர் தம் பெயருக்காக எவரிடமும் தூது அனுப்பவில்லை. போலிக்குத்தான் மற்றவரிடமிருந்து அந்தப் பெயரைப் பறித்தாக வேண்டிய அவசியம் இருந்தது. உள்ளே பொருள் இருப்பவனுக்குப் பெயர் ஓர் அடையாளம் மட்டுமே. உள்ளே பொருள் இல்லாதவனுக்கோ பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் அதைப் பங்கிட அவனால் முடிவதில்லை.

பகவானின் கருணையும் இக்கதையில் உண்டு. பகையாலோ போட்டியாலோ அவன் இடைவிடாமல் நினைத்தது ஹரியின் வடிவத்தையே. அந்த நினைவின் பயனாக, மடிந்தபின் அவன் அவ்வடிவத்தையே பெற்றான் என்கிறது பாகவதம். ஆயினும் பௌண்டரகனுக்குக் கிடைத்த முடிவை எண்ணி நாம் ஆறுதல் கொள்வதைவிட, அவனை வழி தவறச் செய்த முகஸ்துதியை எண்ணி எச்சரிக்கை கொள்வதே நமக்கு நல்லது.

விட்டுக்கொடுக்கப்பட்ட பெயர்

இனி, நம் காலத்திற்கு அருகில் வருவோம். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் மறைவுக்குப்பின் வராகநகர் மடத்தில் இளம் சீடர்கள் முறைப்படி விரஜா ஹோமம் செய்து சந்நியாசப் பெயர்களை ஏற்றனர். குருவின் திருப்பெயரைக் கொண்ட 'ராமகிருஷ்ணானந்தர்' என்ற பெயரைத் தாமே ஏற்க வேண்டும் என்று நரேந்திரர் விரும்பியிருந்தார். சீடர்களுக்குத் தலைவராகக் குருதேவராலேயே குறிக்கப்பட்டவர் அவர். அந்தப் பெயரை அவர் எடுத்துக்கொண்டிருந்தால் மறுத்துப் பேச எவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் குருவின் திருவுருவத்தை உயிருள்ள குருவாகவே எண்ணி இரவும் பகலும் சேவை செய்து வந்த சசியைப் பார்த்தார். இந்தப் பெயருக்குத் தகுதியானவர் இவரே என்று முடிவு செய்து அதைச் சசிக்கே விட்டுக்கொடுத்தார்.

பெயருக்கு ஆசைப்பட்டதில் பிழை இல்லை. அது குருபக்தியின் ஆசை. அந்த ஆசையிலும் உயர்ந்தது, தம்மைவிடப் பொருத்தமானவரைக் கண்டுகொண்ட கண். தமக்கென்று அவர் தேடாத பெயர் பின்னர் அவருக்கு வந்து சேர்ந்தது. பரிவ்ராஜகராகப் பாரதமெங்கும் சுற்றிய ஆண்டுகளில் தம்மை அடையாளம் காணாதிருக்கும்பொருட்டு விவிதிஷானந்தர் என்றும் சச்சிதானந்தர் என்றும் பெயரை மாற்றிக்கொண்டே சென்றார் அவர். 1893-ஆம் ஆண்டு சிகாகோ சர்வமத மகாசபையில் உலகம் கேட்ட பெயர் விவேகானந்தர். ஒளிந்துகொள்வதற்காகப் பெயர்களைத் துறந்தவரை ஒரு பெயர் தேடிப் பிடித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

ராமகிருஷ்ணானந்தர் என்ற பெயரைப் பெற்றவர் அதை எப்படித் தாங்கினார் என்பதைச் சென்னை நகரம் அறியும். 1897-இல் சுவாமிஜியின் சொல்லுக்கிணங்கச் சென்னைக்கு வந்த அவர், 1911-இல் மறையும் ஆண்டுவரை தென்னகத்திற்காக உழைத்தார். தொடக்கத்தில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பூஜை, சமையல், வகுப்பு எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டார். மழையால் எவரும் வராத நாளிலும் குறித்த நேரத்தில் குறித்த பாடத்தை அவர் நடத்தினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. கேட்பவர் இல்லாத அறையில் யாருக்காகப் பேசினார்? பெயர் வாங்குவதற்காக அல்ல என்பது நிச்சயம். தாம் தாங்கிய பெயருக்கு உரியவர் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு சிவானந்தர்கள்

ஒரே பெயரை ஒரே காலத்தில் இரு மகான்கள் தாங்கிய வரலாறும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 1854-இல் வங்காளத்தில் பிறந்த தாரகநாத் கோஷால், ஸ்ரீராமகிருஷ்ணரின் நேர்ச்சீடர்களுள் ஒருவராகிச் சுவாமி சிவானந்தர் ஆனார். அவருடைய புலனடக்கத்தைக் கண்டு வியந்த சுவாமிஜி அவரை 'மகாபுருஷர்' என்று அழைத்தார். 1897-இல் சுவாமிஜியின் விருப்பப்படி இலங்கைக்குச் சென்று வேதாந்தம் போதித்தார். 1902-இல் காசியில் அத்வைத ஆசிரமத்தை நிறுவினார். 1922 முதல் 1934-இல் மறையும்வரை ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் இரண்டாவது தலைவராக விளங்கினார்.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசுவாமி, மருத்துவம் கற்று மலேயாவில் சுமார் பத்து ஆண்டுகள் நோயாளிகளுக்குப் பணிபுரிந்தார். பின் அனைத்தையும் விட்டு வடக்கே சென்று, 1924-இல் ரிஷிகேசத்தில் சந்நியாசம் பெற்று அவரும் சுவாமி சிவானந்தர் ஆனார். 1936-இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கி, 1963-இல் மறையும்வரை எண்ணற்ற நூல்களாலும் சேவையாலும் உலகெங்கும் அறியப்பட்டார்.

1924 முதல் பத்து ஆண்டுகள் கங்கையின் இரண்டு இடங்களில் இரண்டு சிவானந்தர்கள் வாழ்ந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் கங்கைக்கு அருகே ஒருவர். கடலை நெருங்கும் கங்கைக்கு அருகே பேலூரில் மற்றொருவர். ஒருவர் புகழால் மற்றவர் புகழ் குறையவில்லை. சந்நியாச நெறி இதை நன்கு உணர்ந்தே அமைந்திருக்கிறது. சந்நியாசம் ஏற்பவர் தமக்குத் தாமே ஈமக்கடன் செய்து முடித்து, பெற்றோர் இட்ட பெயரை விட்டுவிடுகிறார். குரு தரும் புதிய பெயர் இறைவனின் ஆனந்தத்தையோ ஞானத்தையோ குறிக்கிறது. சிவனின் ஆனந்தம் எவருடைய தனி உடைமை? ஒரே சூரியனை நோக்கிய இரண்டு சாளரங்களுக்கு ஒரே பெயர் இருந்தால் என்ன? ஒளி இரண்டிலும் வருகிறது.

துயரைத் தாங்கிய பெயர்

அன்னை ஸ்ரீசாரதாதேவியின் பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1853-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஜயராம்பாடியில் பிறந்த குழந்தைக்கு அதன் தாய் சியாமாசுந்தரி முதலில் வைக்க எண்ணிய பெயர் க்ஷேமங்கரி. அதற்குச் சிறிது காலம் முன்புதான் சியாமாசுந்தரியின் சகோதரி தம் பெண்குழந்தையை இழந்திருந்தார். அந்தக் குழந்தையின் பெயர் சாரதா. 'உன் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தால், என் சாரதா உன்னிடம் வந்திருக்கிறாள் என்று எண்ணி ஆறுதல் பெறுவேன்' என்னும் பொருள்பட அவர் வேண்டிக்கொண்டார். பெயர் மாற்றப்பட்டது.

உலகம் போற்றும் அந்தப் பெயர் முதலில் ஓர் ஏழைக் கிராமத்தில் மறைந்துபோன ஒரு சிறு குழந்தையுடையது. அந்தக் குழந்தையை வரலாறு அறியாது. ஆனால் அதைப் பெற்றவளின் துயரத்தைத் தணிக்கும் பணியோடு அன்னையின் வாழ்க்கை தொடங்கியது. தன் பெயரே பிறர் துயரை ஏற்றதாக அமைந்தவர், பின்னாளில் தம்மிடம் வந்த அனைவருக்கும் தாயானார். ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவர் புகழ் பெற்றவர், ஒருவர் பெயர் தெரியாதவர் என்று நாம் பிரிக்கிறோம். அந்தச் சகோதரிக்கு அப்படிப் பிரிவு ஏதும் இருந்திருக்காது.

பெயருக்குப் பயன் இல்லையா?

இவ்வளவும் கேட்ட ஒருவர், 'அப்படியானால் பெயரால் பயனே இல்லையா? பிள்ளைகளுக்குக் கடவுளரின் பெயரையும் மகான்களின் பெயரையும் ஏன் வைக்கிறோம்?' என்று கேட்கலாம். அஜாமிளனின் கதை இதற்கு விடை. கன்யாகுப்ஜத்தில் வாழ்ந்த அவன், நெறி தவறித் தீய வழியில் பொருள் ஈட்டி முதுமையை அடைந்தான். பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர். உயிர் பிரியும் வேளையில் யமதூதர்களைக் கண்டு அஞ்சி அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தான். மகனுக்கும் மாதவனுக்கும் பெயர் ஒன்றாக இருந்ததால் விஷ்ணுதூதர்கள் வந்து தடுத்தார்கள்.

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுபவர்கள் பலர். பாகவதம் நிறுத்தவில்லை. பிழைத்தெழுந்த அஜாமிளன் தன் வாழ்வை எண்ணி வெட்கி வருந்தினான்; வீட்டை விட்டுக் கங்காத்துவாரத்திற்குச் சென்றான்; புலன்களை அடக்கி யோகத்தில் அமர்ந்தான்; அதன்பின்னரே உயர்ந்த கதியை அடைந்தான். நாமம் அவனுக்குக் கதவைத் திறந்தது. நடந்து உள்ளே செல்ல வேண்டியவன் அவனே. குழந்தைக்கு நல்ல பெயர் வைப்பதும் அப்படியே. வைப்பது பெற்றோரின் ஆசி. அதற்குத் தக்கவாறு நிற்பது பிள்ளையின் தவம்.

ஒரு சோதனை

இந்தச் சிந்தனையை நாம் நம் வாழ்வில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது? ஒரே பெயருடைய இருவர் ஒரே ஊரில், ஒரே அமைப்பில் பணி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

ஒருவர் செய்த நற்பணிக்குரிய பாராட்டு, பெயர்க் குழப்பத்தால் மற்றவருக்குச் சென்றுவிடுகிறது. உழைத்தவர் பேசாமல் இருக்கலாமா? இருக்கலாம். அவரால் புன்னகையுடன் இருக்க முடியுமானால் கர்மயோகத்தில் ஒரு படி ஏறிவிட்டார் என்று பொருள். பாராட்டு வேறிடம் சென்றதும் பணியில் ஆர்வம் குன்றுமானால், இதுவரை அவர் செய்தது பெயருக்காகவே என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். தாம் செய்யாத பணிக்கான பாராட்டைப் பெற்றவர் பேசாமல் இருக்கலாமா? இருக்கக் கூடாது. 'புகழும் இகழும் எனக்கு ஒன்றே. வந்தது வரட்டும்' என்று அவர் வேதாந்தம் பேசினால் அது வேதாந்தம் அல்ல. அதுபோலவே, தாம் செய்த தவறுக்குரிய பழி தம் பெயருடைய மற்றவர்மீது விழும்போது, 'எல்லாம் இறைவன் செயல்' என்று வாய்மூடி இருப்பது பற்றின்மை ஆகாது. அது அப்பட்டமான அநீதி.

ஒரே மௌனம் ஓரிடத்தில் துறவாகவும் மற்றோரிடத்தில் திருட்டாகவும் எப்படி ஆகிறது? காரணம் எளிது. எனக்குரியதை விட்டுவிட எனக்கு உரிமை உண்டு. பிறருக்குரியதை விட்டுவிடவோ வைத்துக்கொள்ளவோ எனக்கு உரிமை இல்லை. நரேந்திரர் விட்டுக்கொடுத்தது தமக்கு வரவிருந்த பெயரை. பௌண்டரகன் கைக்கொண்டது தனக்கு உரிமையில்லாத பெயரை. தசரதரின் மகன் பாதுகைகளை ஏற்றதும் இந்த நெறியில்தான்: அண்ணனுடைய அரசு தம் கையில் இருக்கும்வரை அதில் ஓர் அணுவும் குறையக் கூடாது.

தனி மனிதர்களுக்குள் மட்டும் இந்தச் சோதனை நின்றுவிடுவதில்லை. ஒரு குருவையோ இயக்கத்தையோ சார்ந்து நிற்கும் நாம் அனைவரும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டவர்கள்தாம். பக்தர், சேவகர், தொண்டர் என்ற பெயர்கள் நாடெங்கும் லட்சக்கணக்கானோருக்குப் பொது. விழா நாளில் பிரசாத வரிசையில் நிற்கும் முதியவரிடம் தொண்டர் ஒருவர் கடுஞ்சொல் சொல்லிவிட்டால், அந்த முதியவர் தொண்டரின் சொந்தப் பெயரை அறியமாட்டார். வீட்டுக்கு அவர் எடுத்துச் செல்வது குருவின் பெயரை. எங்கோ கண்காணாத மூலையில் உண்மையாக உழைக்கும் இன்னொரு தொண்டரின் நற்பெயரும் அதனால் குறைகிறது. நாம் ஈட்டாத மதிப்பு நமக்கு எளிதில் கிடைப்பது அந்தப் பொதுப் பெயரால். நாம் செய்யும் பிழை பிறரைச் சுடுவதும் அதே பெயரால்.

இதன் மறுபுறத்தையும் மறத்தலாகாது. பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஊரையும் சாதியையும் சமயத்தையும் ஊகித்து, அதே பெயருடைய எவரோ செய்த குற்றத்தை முன்பின் அறியாத ஒருவர்மீது ஏற்றிவிடுகிறோம். மூன்று பரதர்களையே ஒருவராகக் குழப்பிக்கொள்ளும் நாம், பெயரை வைத்து மனிதரை எடைபோட எந்தத் தகுதியைப் பெற்றிருக்கிறோம்?

பல்லக்குச் சுமந்தவர்

இறுதியாக, முன்பு நிறுத்திவைத்த பரதரிடம் வருவோம். சுவாமி விவேகானந்தர் கலிபோர்னியாவில் ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில் இவர் கதையை விரிவாக எடுத்துரைத்திருக்கிறார். கண்டகிக் கரையில் தவம் செய்த பரதர், வெள்ளத்தில் விழுந்த மான்குட்டி ஒன்றைக் காப்பாற்றி வளர்த்தார். இரக்கமாகத் தொடங்கியது பற்றாக முதிர்ந்தது. மானையே நினைத்து உயிர்விட்டு மானாகப் பிறந்தார். மீண்டும் மனிதப் பிறவி எடுத்தபோது, இனி எதிலும் சிக்கலாகாது என்று ஜடம் போல் வாழ்ந்தார். அதனால் ஜடபரதர் எனப் பெயர் பெற்றார். நாட்டுக்கே பெயர் தந்தவருக்குக் கடைசியில் கிடைத்த பெயர் 'ஜடம்'.

சிந்து சௌவீர நாட்டு மன்னன் ரகூகணன் கபிலரை நாடிச் சென்றபோது, பல்லக்குச் சுமக்க ஆள் குறைந்தது. உடல் வலிமையுடன் வழியில் தென்பட்ட ஜடபரதரை ஏவலர்கள் பிடித்து நிறுத்தினர். அவர் மறுக்கவில்லை, தோள்கொடுத்தார். இவ்வாறு மூன்றாவது பரதரும் தாங்குபவர் ஆனார். ஆனால் பல்லக்கு ஆடியது. காலடியில் எறும்பு முதலிய சிற்றுயிர்கள் மிதிபடாதபடி அவர் பார்த்துப் பார்த்து நடந்ததே காரணம். மன்னன் ஏளனம் செய்து அதட்டினான்.

அப்போதுதான் ஜடபரதர் வாய் திறந்தார். யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று மன்னனைச் சிந்திக்க வைத்தார். பூமியின் மீது பாதங்கள், பாதங்களின் மீது கால்கள், அவற்றின் மீது இடையும் மார்பும் தோளும், தோளின் மீது மரத்தாலான பல்லக்கு, பல்லக்கில் மண்ணின் மாற்றமான இன்னோர் உடல். அந்த உடலுக்குச் 'சௌவீர மன்னன்' என்று ஒரு பெயர். அந்தப் பெயரில் மயங்கியே நீ அதிகாரம் செய்கிறாய் என்பது அவர் உபதேசத்தின் சாரம். மண்ணை அறிந்தால் குடமும் சட்டியும் பெயர் அளவிலான வேறுபாடுகளே என்று சாந்தோக்கிய உபநிடதம் போதித்த உண்மையையே பல்லக்குத் தூக்கியின் வாயால் மன்னன் கேட்டான். பல்லக்கிலிருந்து இறங்கி அவர் காலில் விழுந்தான்.

பெயர்கள் வெறும் மாயை என்றால், எந்தப் பெயருக்கு எந்தப் பாராட்டுச் சென்றால் என்ன, எந்தப் பெயர் கெட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதே கதை பதிலும் வைத்திருக்கிறது. மன்னன் என்றும் சுமப்பவன் என்றும் வேறுபாடு இல்லை என்பதை முற்றும் உணர்ந்தவர் ஜடபரதர். அவரே பெயரற்ற எறும்பு மிதிபடாமல் பார்த்து நடந்தவர். பெயரைக் கடந்த ஞானம் அவரை அலட்சியமானவராக ஆக்கவில்லை. முன்னிலும் கவனமுள்ளவராக ஆக்கியது. தம் பெயரில் மயங்கியிருந்த மன்னனுக்கோ எறும்பும் தெரியவில்லை, சுமப்பவரின் தோளும் தெரியவில்லை. ஒருவர் தம் பெயரிலிருந்து எவ்வளவு விடுபட்டிருக்கிறார் என்பதை, பெயர் தெரியாத உயிர்களிடம் அவர் நடந்துகொள்ளும் முறையால் அளக்கலாம்.

பிறக்கும்போது பெயருடன் நாம் வரவில்லை. நமக்கு முன் எத்தனையோ பேர் தாங்கிய ஒரு பெயரை அன்புள்ள யாரோ நம் காதில் சொன்னார்கள். நமக்குப் பின் இன்னும் எத்தனையோ பேர் அதைத் தாங்குவார்கள். இடையில் சில ஆண்டுகள் அது நம்மிடம் இருக்கிறது. அண்ணனின் பாதுகையைப் போல் அதைத் தலையில் தாங்குவோம். நம் காலில் மாட்டிக்கொள்ளாதிருப்போம். திருப்பிக் கொடுக்கும் நாளில் அது வந்தபோது இருந்ததைவிடக் குறையாமல் இருக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக.